சமையலறைப் பொருள்தானே, தின்றால் என்ன? வீட்டில் செய்யும் வண்ணங்கள் பற்றி ஒரு தாயின் கேள்வி

குழந்தைகள் நல மருத்துவரின் பதில்

இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். மூத்தவளுக்கு 4 வயது, இளையவனுக்கு 11 மாதம். பெரியவள் வண்ணமும் பிசையும் மாவுமாக உட்கார்ந்தால் போதும், சின்னவன் தவழ்ந்து வந்து கையில் அகப்பட்டதை வாயில் திணித்துக்கொள்கிறான். அதனால் கடையில் வாங்கியதையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டு, வீட்டிலேயே செய்ய ஆரம்பித்திருக்கிறார். 2 கப் மைதா, 1 கப் தூள் உப்பு, 1 கப் தண்ணீர் சேர்த்துப் பிசைந்த மாவு. தயிரில் நிறம் கலந்த ஃபிங்கர் பெயின்ட். பளபளப்புக்குத் தேன் சேர்த்த வாட்டர்கலர். பச்சை மாவில் கிருமி இருக்கும் என்று எங்கோ படித்ததால் மைதாவை வாணலியில் வறுத்துக்கொள்கிறார். கெடாமல் இருக்கச் சில சொட்டு கிராம்பு எண்ணெய் விடுகிறார். நிறத்துக்கு மஞ்சள் தூளும் பீட்ரூட்டும். சின்னவனுக்குக் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் உண்டு என்பதைக் கடிதத்தின் நடுவே ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்.

அவர் கேட்பது மூன்று. எல்லாம் சமையலறைப் பொருள்தானே, தின்றால் என்ன ஆகிவிடும்? "விளையாட்டுச் சாமானைத் தின்னக் கொடுத்துப் பழக்கினால் நாளைக்கு எதையும் தின்பான்" என்று கணவர் சொல்வது சரியா? மூத்தவளின் பிறந்தநாளுக்கு வரும் பிள்ளைகளுக்கு இவற்றையே ஜாடியில் போட்டுப் பரிசாகக் கொடுக்கலாமா?

நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் சிரமம் கடிதத்தில் தெரிகிறது. ஆனால் அக்கறை போன திசையில் ஒரு திருத்தம் வேண்டும். கடைப் பொருளை எடுத்துவிட்டுச் சமையலறைப் பொருளை வைத்ததும் ஆபத்து போய்விட்டது என்று நினைக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலில் உள்ள சில பொருள்கள், நீங்கள் பரணில் ஏற்றி வைத்த தரமான வாட்டர்கலரைவிட ஒரு 11 மாதக் குழந்தைக்கு அதிகக் கெடுதல் செய்யக்கூடியவை. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஒரு மாலை நேரத்தில் சரிசெய்துவிடக்கூடிய விஷயங்கள்தான். எது முதலில் வெளியே போகவேண்டும் என்ற வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் அந்த உப்பு மாவு

உங்கள் அளவையே எடுத்துக்கொள்வோம். 2 கப் மைதா சுமார் 250 கிராம். 1 கப் தூள் உப்பு 290 கிராம் அளவுக்கு வரும். தண்ணீர் 240 கிராம். ஆக மொத்த மாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் உப்பு. அதிலிருந்து ஒரு நெல்லிக்காய் அளவுக்குக் கிள்ளினால், 15 கிராம் என்று வையுங்கள், அதற்குள் 5 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. பெரியவர்களே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை 1 முதல் 3 வயதுப் பிள்ளைகளுக்கு நாள் முழுவதற்கும் வைத்திருக்கும் வரம்பு 2 கிராம். ஒரு வயதுக்கு உள்ளே 1 கிராமுக்கும் கீழே. உங்கள் மகன் ஒரு வாய் விழுங்கினால், வளர்ந்த மனிதரின் ஒரு நாள் உப்பு ஒரே நேரத்தில் உள்ளே போகிறது.

சின்னக் குழந்தையின் சிறுநீரகத்தால் இவ்வளவு உப்பைச் சட்டென்று வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் சோடியம் ஏறும்போது மூளைச் செல்களிலிருந்து நீர் வெளியே இழுக்கப்படுகிறது. வாந்தி, கடும் தாகம், எரிச்சலோடு அழுகை, அப்புறம் மந்தமான தூக்கம், முற்றினால் வலிப்பு. "உப்புக் கரிக்கும், தானே துப்பிவிடுவான்" என்று எழுதியிருக்கிறீர்கள். பல குழந்தைகள் துப்புவார்கள்தான். ஆனால் உப்புச் சுவையை விரும்பி மறுபடி கிள்ளித் தின்னும் குழந்தைகளும் நிறைய. அந்த நம்பிக்கையின் மேல் பாதுகாப்பைக் கட்ட முடியாது. (வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் எட்டாமல் வையுங்கள். இந்த மாவைத் தின்று நாய்கள் இறந்ததும் உண்டு.)

மூத்தவளுக்கு இது ஆகாதென்று சொல்லமாட்டேன். 4 வயதுப் பிள்ளைக்கு "இது தின்பதற்கு இல்லை" என்பது புரியும். அவள் மேஜையில் உட்கார்ந்து விளையாடட்டும், சின்னவன் தூங்கும் நேரத்தில். முடிந்ததும் மாவு மூடிபோட்ட டப்பாவில் உயரத்துக்குப் போய்விட வேண்டும். தரையில் உதிர்ந்த துணுக்குகளைப் பெருக்கி எடுக்க மறக்காதீர்கள். தவழும் குழந்தையின் கண்ணுக்கு முதலில் படுவது அவைதான்.

தேன், வறுத்த மாவு, கிராம்பு எண்ணெய்

தேன் கலந்த வாட்டர்கலரை இன்றே கொட்டிவிடுங்கள். 12 மாதம் நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும். வீட்டு அடுப்பில் காய்ச்சினால் அவை சாகாது. சின்னவன் ஏற்கெனவே நக்கியிருக்கலாம் என்பதால் ஒன்று சொல்லி வைக்கிறேன். இந்த நோய் அரிது, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புதிதாக மலச்சிக்கல், பால் உறிஞ்சுவதில் வலுக்குறைவு, ஈனமான அழுகை, கண்ணிமை தொங்குவது, கழுத்து துவளுவது என்று எதையாவது பார்த்தால், தேன் நக்கியதைச் சொல்லி உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாவை வறுப்பதில் உங்கள் பயம் சரியானது, வழி தவறு. மைதா பச்சைப் பொருள். கோதுமையை அரைத்தது மட்டும்தான், கிருமியைக் கொல்லும் சூடு எதையும் அது சாதாரணமாகக் கடப்பதில்லை. 2016-இல் அமெரிக்காவில் மாவு வழியாக ஈ. கோலை என்ற கிருமி பரவியபோது, நோய்ப்பட்டவர்களில் சில குழந்தைகள் உணவகத்தில் விளையாடக் கொடுத்த பச்சை மாவைக் கையாண்டவர்கள். இந்த வகை ஈ. கோலை சின்னப் பிள்ளைகளின் சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடியது. ஆனால் ஈரமில்லாத மாவுக்குள் இருக்கும் கிருமி சூட்டை நன்றாகத் தாங்கும். வாணலியில் ஒரு பக்கம் சிவக்கும், இன்னொரு பக்கம் வெதுவெதுப்பாகவே இருக்கும். நிறம் மாறியதை வைத்துக் கிருமி செத்ததாகக் கணக்கிட முடியாது. வீட்டில் மாவை வறுத்துச் சுத்தப்படுத்த முயல வேண்டாம் என்றே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் சொல்கிறது. மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கக் கொதிக்கக் கிண்டிவிட்டால் வேலை முடிந்தது. வறுப்பதைவிட அது சுலபமும்கூட.

கிராம்பு எண்ணெயைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். பெயின்ட்டில் விழுந்த இரண்டு சொட்டுக்காக இல்லை. அந்தக் குப்பி நீங்கள் வண்ணம் கலக்கும் மேஜையின் மேல் இருக்கிறதே, அதற்காக. 5 முதல் 10 மில்லி, அதாவது ஒன்றிரண்டு டீஸ்பூன், உள்ளே போனதில் சிறு குழந்தைகள் நினைவிழந்ததும் கல்லீரல் பழுதானதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. யூகலிப்டஸ் எண்ணெய், கற்பூரம் கலந்த தைலங்களும் இதே வரிசையில் வருபவை. வாசனைக்காகக்கூட இவற்றைக் குழந்தைகளின் வண்ணத்தில் சேர்க்காதீர்கள். கரப்பான் தோலில் எரிச்சல் வேறு வரும். தவிர, சில சொட்டுகளால் ஒரு ஜாடி தயிர் கெடாமல் நிற்கப்போவதும் இல்லை.

கடை ஃபிங்கர் பெயின்ட் மாதக்கணக்கில் நிற்பதற்குக் காரணம் அதில் உள்ள கெடாப் பொருள்கள். உப்பு மாவு நிற்பதற்குக் காரணம் உப்பு. இரண்டையும் எடுத்துவிட்டால் உங்கள் கையில் இருப்பது சமைத்த உணவு, அவ்வளவுதான். மிச்சம் வைத்த கஞ்சியை எப்படி நடத்துவீர்களோ அப்படி நடத்துங்கள். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், 2 அல்லது 3 நாளில் முடியுங்கள். பிள்ளையின் கை பட்ட கிண்ணத்தில் மிஞ்சியதை மறுபடி ஜாடியில் ஊற்றாதீர்கள்.

நடுவில் ஒரே வரியில் சொன்ன கரப்பான்

எனக்கு உங்கள் கடிதத்தின் முக்கியமான வரி அதுதான். கரப்பான் உள்ள தோல் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் கொண்டது. ஓர் உணவைக் குழந்தை வாய் வழியாக முதலில் அறிந்தால் உடல் பெரும்பாலும் அதை ஏற்றுக்கொள்ளப் பழகுகிறது; வெடித்த தோல் வழியாக முதலில் அறிந்தால் எதிரியாகப் பார்க்கப் பழகும் வாய்ப்பு கூடுகிறது. லண்டனில் கிடியன் லாக் என்ற ஒவ்வாமை மருத்துவரின் குழு நீண்ட காலமாக ஆராய்ந்துவரும் விஷயம் இது. கடும் கரப்பான் அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள கைக்குழந்தைகளுக்கு வேர்க்கடலை உணவைச் சீக்கிரமே, தொடர்ந்து கொடுத்தபோது வேர்க்கடலை ஒவ்வாமை வெகுவாகக் குறைந்ததை அவர்கள் 2015-இல் காட்டினார்கள்.

பால், கோதுமை, முட்டை, வேர்க்கடலை ஆகியவற்றில் எதைச் சின்னவன் இன்னும் சாப்பிட்டுப் பழகவில்லையோ, அது அவன் வண்ணத்தில் இருக்கக்கூடாது. உணவாகச் சாப்பிட்டு ஒத்துக்கொண்ட பிறகே அதைக் கையிலும் கன்னத்திலும் பூசி விளையாடலாம். தயிர் பெயின்ட் பற்றி எழுதியிருக்கிறீர்கள், ஆனால் தயிர் சாப்பிடுகிறானா என்று எழுதவில்லை. சாப்பிட்டுப் பழகியவன் என்றாலும் கன்னத்தில் கரப்பான் சிவந்து கசியும் நாட்களில் வண்ண விளையாட்டே வேண்டாம். மற்ற நாட்களில் விளையாடும் முன் வழக்கமான களிம்பைத் தடவி, முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, மறுபடி களிம்பு பூசுங்கள். விளையாடும்போதே தடிப்பு தடிப்பாக எழும்பினால் கழுவிவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். உதடு வீங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ, திடீரென்று வாந்தியெடுத்துத் துவண்டாலோ காத்திருக்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இயற்கை நிறம் என்றால்

பீட்ரூட் நல்லது. அடுத்த நாள் டயப்பரில் சிவப்பைப் பார்த்து ரத்தம் என்று பதற வேண்டாம், அது பீட்ரூட்டாகவும் இருக்கலாம். கீரையை வேகவைத்து வடிகட்டினால் பச்சை. ஊதா முட்டைக்கோஸ் வேகவைத்த தண்ணீர் ஊதா. அதில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் கண்ணெதிரே இளஞ்சிவப்பாக மாறும். மூத்தவளுக்கு அது ஒரு மாலை முழுக்க ஓடும். அதையே சோடா உப்பு சேர்த்து நீலமாக்கலாம், ஆனால் அதில் சோடியம் அதிகம். அந்தக் கிண்ணம் சின்னவன் பக்கம் வரவேண்டாம்.

மஞ்சள் தூளில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். நிறம் பளிச்சென்று தெரிய ஈயக் குரோமேட் கலப்பது பல இடங்களில் ஆய்வில் பிடிபட்டிருக்கிறது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. நீங்கள் நம்பிச் சமைக்கும் மஞ்சளில் ஒரு சிட்டிகை போதும். நிறத்துக்காக என்று தேடி, கண்ணைப் பறிக்கும் மஞ்சளை வாங்காதீர்கள். வேகவைத்த காரட் விழுது கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும்.

செயற்கை உணவு நிறத்தைக் கண்டு நீங்கள் பயப்படும் அளவுக்கு, இந்த விஷயத்தில், காரணமில்லை. 2007-இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு சில நிறமிகளுக்கும் பிள்ளைகளின் துறுதுறுப்புக்கும் சிறிய தொடர்பைக் காட்டியது. அதன் பிறகு 2010 முதல் ஐரோப்பாவில் அந்த 6 நிறமிகள் சேர்ந்த உணவுப் பொட்டலங்களில் எச்சரிக்கை வாசகம் அச்சிடுகிறார்கள். ஆனால் அது சாப்பிட்டும் குடித்தும் உள்ளே போகும் அளவைப் பற்றியது. ஒரு கிண்ணம் பெயின்ட்டில் கலந்த ஒரு சொட்டில், விரல் நுனியில் நக்கியது எவ்வளவு இருக்கப்போகிறது? உணவுக்கு என்று அனுமதிக்கப்பட்ட நிறமா என்று மட்டும் பாருங்கள். அலங்கார மினுக்குத் தூளில் நச்சில்லை என்று எழுதியிருந்தாலும் அது தின்னும் பொருள் ஆகிவிடாது.

கணவர் சொன்னது

பாதி சரி. 11 மாதக் குழந்தைக்கு வாய்தான் ஆராய்ச்சிக்கூடம். நீங்கள் எதைக் கொடுத்தாலும், கொடுக்காவிட்டாலும், அவன் எல்லாவற்றையும் வாயில் வைப்பான். தின்னும் வண்ணம் கொடுத்ததால் அந்தப் பழக்கம் வரவில்லை, மறுத்தாலும் போகாது. 2 வயதை நெருங்கும்போது தானாகக் குறையும், 3 வயதுக்குள் பெரும்பாலும் அடங்கும். 2 வயது தாண்டிய பிறகும் மண், சுண்ணாம்பு, காகிதம் என்று உணவல்லாததை ஒரு மாதத்துக்கு மேல் விடாமல் தின்றால், கண்டிப்பதற்கு முன் இரும்புச் சத்தையும் ரத்தத்தில் ஈயத்தையும் பரிசோதிக்க வேண்டும்.

அவர் சொன்னதில் சரியான பாதி இது: வண்ணத்தை ருசியாகச் செய்யாதீர்கள். ஐரோப்பியத் தர விதிப்படி கடை ஃபிங்கர் பெயின்ட்டில் வேண்டுமென்றே கசப்புப் பொருள் சேர்க்கிறார்கள், குழந்தை இரண்டாவது முறை நக்கக்கூடாது என்று. நாமோ வீட்டில் சர்க்கரையும் பழச்சாறும் சேர்த்து "சாப்பிடலாம் கண்ணா" என்று நீட்டுகிறோம். சின்னவனைவிட உங்கள் மூத்தவளை இது குழப்பும். நாளை வேறு வீட்டில் வேறு பெயின்ட்டைப் பார்த்து இதுவும் சாப்பிடுவதுதான் என்று அவள் முடிவு கட்டலாம். அதனால் சப்பென்று இருக்கட்டும். இனிப்பும் வேண்டாம், தடுப்பதாக நினைத்து உப்பும் வேண்டாம். சாப்பிடும் நாற்காலியிலும் தட்டிலும் வண்ணத்தை வைக்காமல் தரையில் ஒரு விரிப்பு போட்டுத் தனி இடமாக்குங்கள். நக்கினால் கையை மெல்ல விலக்கி, "இது பூசுறதுக்கு" என்று சொன்னால் போதும். எதற்கு விலக்குகிறீர்கள் என்று இப்போது அவனுக்குப் புரியாது; மூத்தவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அப்படியானால் என்ன செய்வது

சின்னவனுக்கு ஒரே ஒரு வண்ணம் போதும். 1 பங்கு சோள மாவை (கடையில் கார்ன்ஃப்ளோர் என்று கிடைக்கும் வெள்ளை மாவு) 5 பங்கு குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மிதமான தீயில் கிண்டிக்கொண்டே இருங்கள். பால்போல் இருந்தது திடீரென்று கனத்து, கண்ணாடிபோல் மினுங்க ஆரம்பிக்கும். கொப்புளம் வெடித்துக் கொதித்ததும் இன்னும் ஒரு நிமிடம் கிண்டி இறக்குங்கள். முழுக்க ஆறவிடுங்கள், மேலே ஆடை படிந்து ஆறிவிட்டதுபோல் தெரியும், உள்ளே சுடும். பிறகு கிண்ணங்களில் பிரித்து நிறம் கலக்குங்கள். கோதுமை, பால், முட்டை எதுவும் இல்லை, உப்பும் இல்லை. மக்காச்சோளம் அவன் சாப்பிட்டு ஒத்துக்கொண்டதாக இருந்தால் சரி. மாவைக் கரைக்கும் வேலையைக் குழந்தைகள் இல்லாதபோது செய்யுங்கள், பறக்கும் மாவுத் தூசி மூச்சில் போகக்கூடாது.

பிசையும் மாவு அவனுக்கு இப்போது வேண்டாம். உப்பில்லாமல், வேகவைத்துச் செய்தாலும், பிசுக்கென்ற உருண்டை தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். மூச்சடைப்புக்கு, பொருள் நச்சா உணவா என்ற கணக்கே கிடையாது. 3 வயதுக்கு உட்பட்டோர் பொம்மைகளைச் சோதிக்க ஒரு சிறு உருளை வைத்திருக்கிறார்கள், விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக விழும் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது. ஜவ்வரிசி முத்து, காய்ந்த பயறு, வண்ணம் பூசிய பாஸ்தா எல்லாம் அதில் அடங்கும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகள் வீட்டுக்குள்ளேயே வரவேண்டாம், அவை குடலுக்குள்ளும் பெருக்கும். போராக்ஸ் என்ற வேதிப்பொருள் சேர்க்கும் ஸ்லைமும் வேண்டாம், மூத்தவள் கேட்டாலும்.

இன்னொன்று. எல்லாவற்றையும் நக்கத்தக்கதாக மாற்றும் பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. பரணில் இருக்கும் வாட்டர்கலரை எடுத்து மூத்தவளிடம் கொடுங்கள். அவளுக்கு உயரமான மேஜை, சின்னவனின் தூக்க நேரம். இருவரும் விழித்திருந்து சேர்ந்தே விளையாட ஆசைப்படும் அரைமணி நேரத்துக்குச் சோள மாவு வண்ணம். அப்போது நீங்களோ கணவரோ கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பொருள் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் இதில் சலுகை இல்லை.

தப்பித் தவறி விழுங்கிவிட்டால்

சோள மாவு வண்ணம் என்றால் வாயைத் துடைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். உப்பு மாவு என்றால் வாயில் இருப்பதை எடுத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரோ பாலோ கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது கொடுமையிலும் கொடுமை, உள்ளே இருக்கும் உப்போடு இன்னும் உப்பு சேரும். எவ்வளவு குறைகிறது என்று மிச்ச மாவைப் பார்த்துக் கணித்து, குழந்தையின் எடையோடு சேர்த்து மருத்துவரிடம் அல்லது நச்சுத் தகவல் மையத்தில் உடனே சொல்லுங்கள். வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம், உடல் வெட்டல் இருந்தால் ஃபோனில் நேரத்தைக் கழிக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தொண்டையில் அடைத்து இருமவும் அழவும் முடியவில்லை என்றால், ஒரு வயதுக்கு உட்பட்டவனை முன்கையில் தலை தாழ்வாகக் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டு, திருப்பி, நெஞ்சின் நடுவே 5 அழுத்தம், மாறி மாறி. இன்னொருவர் அதற்குள் ஆம்புலன்ஸை அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும்.

கடைசியாகப் பிறந்தநாள் ஜாடிகள். கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. எந்தப் பிள்ளைக்குக் கோதுமை ஒவ்வாது, யார் வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது, அந்த ஜாடி எத்தனை நாள் அலமாரியில் கிடக்கப்போகிறது, எதுவும் உங்கள் கையில் இல்லை. நீங்கள் ஆசையாக "சாப்பிடலாம்" என்று ஒட்டிய சீட்டை நம்பி யாரோ ஒருவர் குழந்தையைத் தனியே விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போவார். விழாவன்று அங்கேயே கிண்டி வைத்துப் பிள்ளைகளை விளையாட விடுங்கள், யாருக்கு எது ஆகாது என்று பெற்றோரிடம் முன்னமே கேட்டுக்கொண்டு. வீட்டுக்கு எடுத்துப்போக ஆளுக்கு ஒரு தூரிகையும், செய்முறை எழுதிய அட்டையும் கொடுத்தால் போதும். அட்டையின் கீழே மூன்று வரி சேருங்கள்: என்னென்ன கலந்தது, 2 நாளுக்கு மேல் வைக்காதீர்கள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவும்.